மதிய உணவும் மாலை வகுப்பும்

மலர்க் குழுவினர் "ஏதாவது பழைய கதை எழுதுங்க சார்" என்று கேட்டார்கள். விடுதிச் சாப்பாடு, கல்லூரி நாடகம் பற்றியெல்லாம் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். நான், எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட அணி பெருங்களத்தூரில் நடத்திய மாலை வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

பள்ளியில் சேர்ந்த பிள்ளை பாதியில் நின்றுவிடுவது நமக்குப் புதிதல்ல. அதற்கு நம்மவர்கள் முதலில் கண்ட மருந்து சோறு. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தர முடிவு செய்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று நிபந்தனை வேறு!

1956-ல் முதல்வர் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. அரசுப் பணம் மட்டும் போதாதென்று ஊராரிடமும் அரிசி, காய்கறி, காசு என்று வாங்கினார்கள். 1958-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. கரும்பலகை, நாற்காலி, சீருடை என்று ஊர் மக்களே கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் சோற்றைவிட இதுதான் பெரிய காரியம். அரிசி கொடுத்தவர், "அந்தப் பையன் ஏன் ஒரு வாரமா வரல?" என்று கேட்கவும் செய்வார் அல்லவா?

1982 ஜூலை முதல் நாள் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 1984-ல் அது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரை நீண்டது. அப்படியும் எட்டு, ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். எங்கள் வகுப்பு 1985-ல் தொடங்கியது அதனால்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டிப் பிறந்தது நாட்டு நலப்பணித் திட்டம். அதில் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவைக் கணக்கு காட்ட வேண்டும். நான் சேர்ந்தது அந்தக் கணக்குக்காகத்தான். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஒரே ஸ்டேஷன். கேட் போட்டிருந்தால் லெவல் கிராசிங்கில் கால் மணி நேரம் நிற்க வேண்டும். ஓலைக் கொட்டகை, ஒரு குண்டு பல்பு, இருபது பிள்ளைகள். அப்பா கல் குவாரியில், அம்மா சித்தாள் வேலையில் என்கிற வீடுகள்.

எங்கள் பேராசிரியர் பாடத்தைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. எங்களில் ஒவ்வொருவருக்கும் ஐந்து பிள்ளைகளை ஒப்படைத்து, ஒரு நோட்டும் கொடுத்தார். இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டும். ஏன் என்று எழுத வேண்டும். காரணங்களைப் படித்தால் வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருக்கும். இங்கிலீஷ் வாத்தியார் எழுந்து படிக்கச் சொல்லுவார் என்ற பயம். ஒரே சட்டை, அதுவும் காயவில்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள். தம்பியோடு மாலை வகுப்புக்கு வரச் சொன்னோம். அவன் அழுது வகுப்பையே இரண்டாக்குவான். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவரைப் பிடித்தோம். அந்தப் பெண் பத்தாவது தேறினாள்.

என் ஐந்து பேரில் ஒருவன் கணக்கில் சூரன். செமஸ்டர் தேர்வு வந்தது. இரண்டு வாரம் நான் போகவில்லை. பிறகு போனபோது அவன் அம்மா சொன்னது: "போன வாரமே வந்திருக்கக் கூடாதா தம்பி? அவங்கப்பா லாரி ஷெட்ல எரநூறு ரூபா முன்பணம் வாங்கிட்டாரு." முன்பணம் வாங்கிய பின் பிள்ளையைத் திருப்பி அழைப்பது எளிதல்ல. நாங்கள் நாலு பேர் சேர்ந்தால் புரட்டக்கூடிய தொகைதான். ஒரு மாதம் கழித்துப் புரட்டிக்கொண்டு போனோம். அதற்குள் அவன் லாரியோடு பெங்களூர் போயிருந்தான். நோட்டில் அவன் பெயருக்கு எதிரே நான் ஒன்றும் எழுதவில்லை.

அதன் பிறகு எத்தனையோ வந்துவிட்டது. 2009-ல் கட்டாயக் கல்விச் சட்டம். கொரோனாவுக்குப் பின் 2021-ல் இல்லம் தேடிக் கல்வி. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள் மாலை 5 முதல் 7 வரை சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் தெருவிலும் ஒரு பெண் வகுப்பு எடுத்தார். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். அவரிடமும் ஒரு நோட்டு! "எத்தனை நாள் வரலைன்னா வீட்டுக்குப் போவீங்கம்மா?" என்றேன். "அன்னிக்கே போயிடுவேன் சார். ரெண்டு நாள் விட்டா பிள்ளைக்கே பழகிடும்" என்றார். எங்கள் பேராசிரியரையே மிஞ்சிவிட்டார்.

நம் கல்லூரியின் இப்போதைய அணியினர் மறுபடி மாலை வகுப்பு தொடங்க எண்ணியிருப்பதாகக் கேள்வி. பழைய நோட்டு என்னிடம் இருக்கிறது. கரையான் அரித்தது போக முக்கால்வாசி தேறும். கேட்கிற மாணவருக்குக் கொடுக்கிறேன்.