படிகாரம் வந்த வழி

சேர்வராயன் மலை உச்சியில் மண் செங்கல் நிறமாக இருக்கும். அது பாக்சைட். பல ஆண்டுகள் அங்கிருந்து லாரி லாரியாக மேட்டூர் மால்கோ ஆலைக்கு இறங்கி அலுமினியம் ஆனது. இதே கல்வகையைப் பொடித்துக் கந்தக அமிலத்தில் வேகவைத்தால் அலுமினியம் சல்பேட். பாகை ஊற்றி ஆறவிட்டால் சாம்பல் வெள்ளையில் பாளம் பாளமாக இறுகும். குடிநீர் நிலையத்தில் இதை 'ஆலம்' என்பார்கள். திருஷ்டிக்காகக் கடைவாசலில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் படிகாரம் இதன் உடன்பிறப்பு. அதில் பொட்டாசியமும் உண்டு.

மழைக்காலத்தில் அம்மா குடத்துத் தண்ணீரில் படிகாரத்தை நாலு சுற்றுச் சுற்றி எடுப்பார். கொஞ்ச நேரத்தில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு கலங்கல் அடியில் போய் உட்காரும். ஒன்றையொன்று தள்ளி மிதக்கும் மண் துகள்களை ஆலம் ஒட்டவைத்துவிடுகிறது. காகிதம், தோல், சாயம் என்று எத்தனையோ தொழிலுக்கு இது போனாலும் எனக்கு இதன் பெரிய வேலை அந்தக் குடத்தில்தான்.

ஆனால் எல்லா ஊரிலும் கேடு கலங்கலாகத் தெரிவதில்லை; தருமபுரி மாவட்டத்தின் துயரம் கலங்கலில் இல்லை. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பளிங்காகத் தெரியும், உள்ளே புளோரைடு. பல்லில் பழுப்புக் கறை, வளைந்த கால், நிமிராத முதுகு. லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் ஆலம் கலங்கலைத் தெளியவைக்கும். புளோரைடை இறக்க, நாக்பூர் நீரி நிறுவனம் வகுத்த நல்கொண்டா முறைப்படி சுண்ணாம்போடு பல நூறு மில்லிகிராம் வேண்டும். குடத்தில் நாலு சுற்று எந்த மூலைக்கு? அதனால்தான் காவிரியையே ஊருக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டம், ஜப்பானியக் கடனுதவியோடு, 2013 மே மாதம் தொடங்கியது.

குடிநீர் நிலையங்களில் ஆலத்தைக் கையாளுபவர்களைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. கரைசல் அமிலம், இரும்பைத் தின்னும். தூள் கண்ணில் பட்டால் எரியும். ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். ஈரமான மூட்டைக்குப் பக்கத்தில் பிளீச்சிங் பவுடரை வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1988 ஜூலையில் இங்கிலாந்தின் கேமல்ஃபோர்டு பகுதிக்கான நீர் நிலையத்தில் லாரி ஓட்டுநர் ஒருவர் 20 டன் ஆலக் கரைசலைத் தவறான தொட்டியில் இறக்கிவிட்டார். சுமார் 20,000 பேரின் குழாயில் அது வந்தது. நம் ஊர் நிலையங்களில் ஒவ்வொரு தொட்டி மூடியிலும் உள்ளே இருப்பதன் பெயரைத் தமிழில், கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள்.