தீப்பெட்டிப் படம் சேகரிப்பு

தீப்பெட்டியின் மேல்பக்கத்தில் ஒட்டியோ அச்சிட்டோ வரும் வணிகச் சின்னப் படங்களைத் தேடிச் சேர்த்து, வகைப்படுத்திப் பாதுகாக்கும் பழக்கம். தமிழ்நாட்டில் இது முதலில் சிறுவர்களின் கையில்தான் இருந்தது. பெரியவர்கள் இதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டது பின்னர்தான்.

உரசிப் பற்றவைக்கும் குச்சியை இங்கிலாந்தின் ஜான் வாக்கர் 1827இல் விற்கத் தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கடைகளில் கிடைத்தவை பெரும்பாலும் சுவீடன், ஜப்பான் நாட்டுத் தீப்பெட்டிகள். இங்குள்ளவர் வாங்க வேண்டும் என்பதற்காக அந்நாட்டு ஆலைகளே நம் தெய்வங்களின் படங்களை அச்சிட்டு அனுப்பின. சுதேசி இயக்கம் எழுந்தபின் பாரத மாதாவும் தேசத் தலைவர்களும் பெட்டியின்மேல் இடம்பெற்றனர். எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லியே பெட்டி கேட்டார்கள். ஆகவே படம்தான் பெட்டியின் பெயர்.

சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, மறு ஆண்டு தம் ஊரில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். சுவீடன் நிறுவனத்தின் ஆதரவு பெற்ற விம்கோ தீப்பெட்டி நிறுவனமும் அதே 1923இல் இந்தியாவில் கால் ஊன்றியது. அது இயந்திரத்தை நம்பியது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் வட்டாரங்கள் கைகளை நம்பின. பெண்கள் வீட்டிலிருந்தே அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டிக் கொடுத்தனர். சிறு ஆலைகள் பெருகப் பெருகச் சின்னங்களும் பெருகின. அவற்றுக்குப் படம் அச்சிடவே எழுந்த லித்தோ அச்சகங்கள்தாம் பிற்காலத்தில் சிவகாசியை நாட்காட்டிக்கும் டைரிக்கும் பேர்போன ஊராக்கின.

சிறுவர்களுக்குத் தீப்பெட்டிப் படம் பணமாகப் பயன்பட்டது. தரையில் வட்டம் போட்டு, நடுவில் படங்களை அடுக்கி, தூரத்திலிருந்து சில்லு எறிந்து வெளியே தள்ளியவற்றை எடுத்துக்கொள்வார்கள். எங்கும் கிடைக்கும் படத்துக்கு மதிப்புக் குறைவு. வெளியூர்ப் பேருந்தில் வந்த யாரோ எறிந்துவிட்டுப் போன பெட்டியின் படத்துக்கு மதிப்பு அதிகம். அருமைக்கேற்ப விலை வைப்பதைச் சந்தை நூல் எதுவும் படிக்காமலே அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தொகுப்பை முழுமையாக்குவதில்தான் இந்தச் சேகரிப்பு பிற நாட்டு வகைகளிலிருந்து வேறுபடுகிறது. இங்கிலாந்தின் வில்ஸ் சிகரெட் நிறுவனம் 1896இல் வெளியிட்ட கிரிக்கெட் வீரர் அட்டைகள் மொத்தம் 50. அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகள் 407. இந்தப் பேஸ்பால் அட்டை ஒவ்வொன்றிலும் எண் உண்டு, வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை 311ஆவது. அங்கே சேகரிப்பவருக்கு எது குறைகிறது என்று தெரியும். தீப்பெட்டிப் படத்துக்கு அப்படிப்பட்ட முழுப்பட்டியல் கிடையாது. சிறு ஆலை ஒன்று புதுச் சின்னம் போடும், சில மாதத்தில் விட்டுவிடும். ஒரு படம் நன்றாக விற்றால், பக்கத்து ஆலை அதே விலங்கை முகத்தை மட்டும் திருப்பி அச்சிடும். ஒரே சின்னம் தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று எனச் சந்தைக்கேற்ப எழுத்து மாறும். அச்சு மையின் நிறமும் மாறும். அதனால் சேகரிப்பவரே எல்லை வகுத்துக்கொள்கிறார்: தெய்வங்கள், பறவைகள், ரயில், ஓர் ஊரின் ஆலைகள், ஒரே சின்னத்தின் நிறவேறுபாடுகள். நிறவேறுபாடுகளைத் திரட்டுவதே இவற்றில் மிகக் கடினம். அச்சு வரலாற்றுக்கு மிகப் பயனுள்ளதும் அதுவே.

காலம் கணிக்கச் சில தடயங்கள் உதவும். 1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. வரி கட்டியதைக் காட்டும் தாள்பட்டை பெட்டியில் ஒட்டப்பட்டது. பிற்காலப் பெட்டிகளுக்கு விலை துணை செய்யும்: 1995இல் 50 காசு, 2007இல் ஒரு ரூபாய், 2021 டிசம்பர் முதல் இரண்டு ரூபாய்.

மரச்சீவல் பெட்டியில் ஒட்டிய தாளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பசை இளகியதும் உரித்து, செய்தித்தாள்களுக்கிடையே வைத்து உலர்த்துவர். மிச்சப் பசையைக் கழுவாவிட்டால் பூச்சி அரிக்கும். அட்டைப்பெட்டி வந்தபின் படம் பெட்டியிலேயே அச்சாவதால், மேல்பெட்டியை மடிப்புப் பிரித்துத் தட்டையாக்கி முழுமையாகவே வைப்பது நல்லது. பக்கங்களில்தான் ஆலையின் பெயரும் ஊரும் இருக்கும். அழகுக்காக முகப்பை மட்டும் வெட்டி ஒட்டிய பழைய ஏடுகள் பலவற்றில் அந்தச் செய்தி போய்விட்டது. இது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

பல சிறு ஆலைகள் மூடப்பட்டுவிட்டன; மலிவான சிகரெட் லைட்டர்கள் தீப்பெட்டித் தொழிலை மேலும் நெருக்குகின்றன. மூடிய ஆலையின் சின்னத்துக்குப் பெரும்பாலும் பெட்டியைத் தவிர வேறு ஆவணம் இருப்பதில்லை. ஆகவே சிவகாசியில் இருப்பவர் மட்டுமல்ல, கள்ளக்குறிச்சியிலோ கல்வராயன் மலையில் கரியாலூரிலோ பெட்டிக்கடையில் தீப்பெட்டி வாங்குபவரும், காலிப் பெட்டியை எறியுமுன் மேல்பெட்டியைப் பிரித்து, வாங்கிய ஊரையும் ஆண்டையும் பின்புறம் பென்சிலால் குறித்து வைக்க வேண்டும்.