ரைடரும் ரன்னிங் பேக்கும்

குள்ளஞ்சாவடிச் செம்மண் களத்தில் கபடி பாடிப் போகும் ரைடரைப் பார்த்துப் பழகிய கண், அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கை முதல் ஓட்டத்திலேயே இனங்கண்டுகொள்ளும். இருவரும் பிடிக்க வரும் கைகளுக்குள் தாமாகவே நுழைகிறவர்கள். இருவருக்கும் நேர்வேகத்தைவிட, ஒரே அடியில் திசை மாற்றும் இடுப்பும் முழங்காலுமே மூலதனம்.

டெட்ராய்ட் லயன்ஸின் பேரி சாண்டர்ஸ் ஏறத்தாழ 173 செ.மீ. உயரமே உள்ளவர். மலை போன்ற உடல்களுக்கு நடுவே குனிந்து, நின்று, மறுபக்கம் திரும்பி, 10 பருவங்களில் 15,269 கெஜம் ஓடினார். பாட்னா பைரேட்ஸுக்கு ஆடிய ரைடர் பிரதீப் நர்வால், கைகோத்து வரும் சங்கிலிக்கு அடியில் புகுந்து அப்பால் எழும் ‘டுப்கி’க்குப் பேர்போனவர். 2017 புரோ கபடியில் ஹரியாணா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே ரைடில் 8 புள்ளிகள் எடுத்தார். தாழ்ந்து வெல்வதே இருவரின் வித்தையும்.

துணையில் இருவரும் பிரிகிறார்கள். ரன்னிங் பேக்குக்கு ஐந்து லைன்மேன்கள் வழி திறக்கிறார்கள்; ரைடர் ஏழு பேரிடம் தனியாகப் பாடிப் போகிறார். திரும்புவதில் இன்னும் விலகுகிறார்கள். மூன்று கெஜத்தில் விழுந்தாலும் அந்த மூன்று கெஜம் ரன்னிங் பேக்கின் அணிக்குச் சொந்தம். நால்வரைத் தொட்டும் திரும்பி வராத ரைடருக்குத் தொடுபுள்ளி ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் கடைசி அங்குலத்தில் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள். மூவர் மேலே விழுந்து அமுக்க, ரன்னிங் பேக் பந்தேந்திய கையை நீட்டுகிறார். பந்தின் முனை கோல் கோட்டை எட்டினாலே ஆறு புள்ளி. கணுக்காலை ஒருவரும் இடுப்பை இருவரும் பிடித்திழுக்க, ரைடரும் கையை நீட்டுகிறார். நடுக்கோட்டுக்கு அப்பால் விரல் நுனி பட்டால் பிடித்த மூவரும் வெளியே.

ஆட்ட வாழ்வின் கணக்கோ வேறு. அமெரிக்காவில் ரன்னிங் பேக் எமிட் ஸ்மித் 15 பருவங்களில் 18,355 கெஜம் ஓடியது அபூர்வம். டாட் கர்லியின் கதையே அங்கு அதிகம்: 2018இல் பெரும் ஒப்பந்தம், முழங்கால் தொல்லை, 2020இல் அணியிலிருந்து விடுவிப்பு, 26 வயதில் கடைசி ஆட்டம். ஆட்டம் போனால் அங்கே சம்பளமும் போகும். இங்கோ, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் மணத்தி கணேசனுக்கு 1995இன் அர்ஜுனா விருதோடு மின்வாரிய வேலையும் இருந்தது. ரயில்வே, காவல்துறை, வங்கி என விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலையே இங்கு ரைடரின் நடுக்கோடு. களத்திலிருந்து மீண்டு வர ஓர் இடம். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதும் உண்மை.

2018 முதல் புரோ கபடி ஏலத்தில் கோடியைத் தாண்டும் விலை கேட்கிறது. இரு வாழ்வுகளும் நெருங்கி வருகின்றன. அந்தப் பணம் கபடி வீரருக்கு நியாயமாகச் சேர வேண்டியதே. அதை வாங்கிக்கொண்டு வேலை ஒதுக்கீட்டைக் கைவிட்டால், அமெரிக்க ஆட்டத்தின் ஆகப் பெரிய குறையையும் சேர்த்தே வாங்கியவர்களாவோம்.