ஓம் விதியும் வாட் அளவையும்: மின்கணக்கின் சரித்திரம் குறித்த ஓர் ஆராய்ச்சி

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அவ்விரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். 240 வோல்ட் மின்னழுத்தத்தில் 0.25 ஆம்பியர் ஓட்டத்தை ஏற்கும் விளக்கின் தடை 960 ஓம் என்றும், அதன் திறன் 60 வாட் என்றும் பள்ளி மாணாக்கரும் நொடிப்பொழுதில் சொல்லிவிடுவர். ஆயினும், வோல்ட்டும் ஆம்பியரும் முன்னரே அறியப்பட்டவையாகவும் தடை அவற்றினின்று வருவிக்கப்படுவதாகவும் நிற்கும் இவ்வரிசை சரித்திரத்தில் பெரும்பாலும் தலைகீழாகவே இருந்தது என்பதும், தடையே முதலில் திட்டமான அளவு பெற்றது என்பதும் இக்கட்டுரையில் நிறுவ முற்படும் கருத்தாகும்.

வோல்ட்டா 1800-இல் தம் மின்கல அடுக்கை அறிவித்ததும், மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதை 1820-இல் எர்ஸ்டெட் கண்டதும் சேர்ந்த பின்னரே, ஓட்டத்தின் வன்மையை ஊசியின் விலக்கத்தால் அறியும் உபாயம் பிறந்தது. கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் உபாத்தியாயராக இருந்த கியார்க் சைமன் ஓம், பூட்டுத் தொழிலாளியான தந்தையிடம் கற்ற கைத்திறனால் தம் கருவிகளைத் தாமே சமைத்துக்கொண்டு, இவ்வாராய்ச்சியில் இறங்கினார். 1825-இல் அவர் வெளியிட்ட முதற்கட்டுரை, கம்பியின் நீளத்துக்கும் விசைக்குறைவுக்கும் மடக்கைத் தொடர்பொன்றைக் கற்பித்தது. அது பிற்காலத்தில் நிலைபெறவில்லை. அக்கால மின்கலங்களின் விசை, பரிசோதனை நடக்கும்பொழுதே தளர்ந்துகொண்டிருந்தது.

இவ்விடத்தில் போக்கெண்டார்ஃப் கூறிய ஆலோசனை பெரும் பயன் விளைத்தது. இரு உலோகங்களின் சந்திகளை வெவ்வேறு உஷ்ண நிலையில் வைத்தால் மின்னோட்டம் எழும் என்று சீபெக் கண்டிருந்தார். அதனைப் பின்பற்றிய ஓம், பிஸ்மத்தும் தாமிரமும் இணைந்த அமைப்பொன்றில் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் நிறுத்தி, தளராத மூலமொன்றைப் பெற்றார். பின்னர், நீளத்தில் வேறுபட்ட எட்டுத் தாமிரக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, முறுக்குத் தராசில் தொங்கிய ஊசியின் விலக்கத்தைக் குறித்தார். 1826-இல் அவர் பெற்ற சூத்திரம் எளியது: ஒரு மாறிலியை, மற்றொரு மாறிலியும் கம்பியின் நீளமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் ஓட்டத்தின் வன்மை வரும். முதல் மாறிலி சந்திகளின் உஷ்ண பேதத்தைப் பொறுத்தது. இரண்டாவது, மூலத்தையும் உள்ளிட்ட எஞ்சிய சுற்றின் தடை. ஓமுக்குத் தடை என்பது கம்பியின் நீளமாகவே தோன்றியது என்பதும், வோல்ட்டோ ஆம்பியரோ அவர் கையில் இல்லை என்பதும் ஈண்டு மறக்கத்தக்கன அல்ல.

ஃபூரியரின் உஷ்ணக் கணிதத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1827-இல் அவர் இயற்றிய நூல் பெர்லினில் குளிர்ந்த வரவேற்பே பெற்றது. இதைக் கொண்டு, புறக்கணிக்கப்பட்ட மேதையின் கதை ஒன்றை எழுதுவோர் பலர். ஆனால் லைப்சிக்கில் ஃபெக்னர் 1831-இல் அவ்விதியைப் பரிசோதனையால் உறுதிப்படுத்தினார் என்பதும், எளிய பரிசோதனை முடிவைக் கனத்த கணிதப் போர்வையில் ஓமே மூடிவிட்டார் என்பதும் அக்கதையில் இடம்பெறுவதில்லை. லண்டன் ராயல் சங்கம் 1841-இல் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது.

திறனின் கணக்கோ வேறு வழியில் வந்தது. மான்செஸ்டருக்கு அருகே ஸால்ஃபோர்டில் மதுவடிப்புத் தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல், நீராவி எந்திரத்தினும் மின்னெந்திரம் மலிவாகுமா என்ற வியாபாரிக்குரிய கேள்வியோடு தொடங்கியவர். கம்பிச்சுருளை நீரில் அமிழ்த்தி, ஓட்டத்தையும் நீரின் வெப்ப ஏற்றத்தையும் ஒருங்கே குறித்த அவர், எழும் உஷ்ணம் தடைக்கும் ஓட்டத்தின் வர்க்கத்துக்கும் நேர் விகிதமாயிருப்பதை 1840-இல், இருபத்திரண்டு வயது நிரம்பாமுன், கண்டார். ஓட்டம் இரு மடங்கானால் உஷ்ணம் நான்கு மடங்காகும். ரஷ்யாவில் லென்ஸும் தனித்து இம்முடிவையே அடைந்தார். ஓட்டம் செய்யும் வேலை, அழுத்த வேறுபாட்டையும் சென்ற மின்சாரத்தையும் பெருக்கிய அளவு என்பதை 1852-இல் கிளாசியஸ் விளக்கிய பின்னரே, ஓமின் ஊசியும் ஜூலின் வெப்பமானியும் ஒரே கணக்கில் வந்து கூடின.

எண்களை இச்சூத்திரங்களுக்குள் இடும் அவசியத்தை உண்டாக்கியது தந்தி. கடலடிக் கம்பியில் பழுது நேர்ந்தால், கரையிலிருந்தபடியே தடையை அளந்து, மைலுக்கு இவ்வளவு தடை என்னும் விகிதத்தால் வகுத்துப் பழுதுற்ற இடத்தை மதிப்பிடலாம். ஆதலின் பொறியாளருக்கு எல்லாவற்றினும் முந்தித் தேவைப்பட்டது, எங்கும் மாறாத ஒரு தடைப் பிரமாணம். 1860-இல் வெர்னர் சீமென்ஸ், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் ஒரு மீட்டர் நீளமும் உடைய பாதரச நிரலை அதற்கென முன்வைத்தார். மறு ஆண்டு பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கம், வில்லியம் தாம்சனின் முயற்சியால், இதற்கெனத் தனிக்குழு ஒன்றை அமைத்தது. 1881-இல் பாரிஸில் கூடிய மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகிய அளவைகளை ஏற்றது. அடுத்த ஆண்டு வில்லியம் சீமென்ஸ் வாட் என்னும் பெயரை முன்மொழிய, 1889-இல் அதுவும் மாநாட்டின் அங்கீகாரம் பெற்றது. 1893-இல் சிகாகோ மாநாடு, 106.3 சென்டிமீட்டர் நீளமுள்ள பாதரச நிரலால் ஓமையும், விநாடிக்கு 0.001118 கிராம் வெள்ளியைப் படியவைக்கும் ஓட்டமாக ஆம்பியரையும் வரையறுத்தது. ஒரு ஓம் தடையில் ஒரு ஆம்பியரை ஓட்டும் அழுத்தமே வோல்ட் என்று வருவிக்கப்பட்டது.

பாதரசமும் வெள்ளியும் அளித்த இவ்வளவைகள் இயந்திரவியல் அளவைகளோடு முற்றிலும் பொருந்தவில்லை. சர்வதேச வாட் ஒன்று, விசையாலும் தூரத்தாலும் காலத்தாலும் கணித்த வாட்டினும் ஏறக்குறைய 5,000-இல் ஒரு பங்கு மிகுந்திருந்தது. 1948 ஜனவரி 1 முதல், இணைகம்பிகளுக்கிடையே எழும் விசையால் ஆம்பியர் வரையறுக்கப்பட, இரு வாட்டுகளும் ஒன்றாயின.