ஒரு துண்டுத் துணி

லண்டன். 1741, மார்ச் 25. ராத்திரி எட்டு மணி.

ஹாட்டன் கார்டன் என்ற தெருவில் ஒரு வீட்டு வாசலில் கூட்டம். வந்திருக்கும் பெண்களின் கைகளில் பச்சைக் குழந்தைகள். யார் முகமும் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, நுழைவாயில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். இருட்டில் ஒவ்வொருத்தியாக உள்ளே போகிறாள். வெறுங்கையோடு வெளியே வருகிறாள்.

நடுராத்திரிக்குள் 30 குழந்தைகள் சேர்ந்தாகிவிட்டன. அவ்வளவுதான், இடமில்லை! காவலாளி வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் ஓவென்று அழுகை. குழந்தையைக் கொடுக்க முடியாமல் திரும்புகிறவள் அழுகிறாள். சரி... கொடுத்துவிட்டுப் போகிறவள் நிம்மதியாகப் போகவேண்டும் அல்லவா? அவளும் அழுகிறாள். இரண்டு அழுகைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்கிற அர்த்தத்தில், அந்த இல்லத்தின் அன்றைய குறிப்பேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த இல்லத்தின் பெயர் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல். பெயரில்தான் ஹாஸ்பிடல். உண்மையில் அது, பெற்றவர்களால் வளர்க்க முடியாத குழந்தைகளுக்கான இல்லம். அதை உருவாக்கியவர் தாமஸ் கோரம் என்ற கப்பல் கேப்டன். தெருவோரம் வீசப்பட்ட குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், 17 வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி, பிரபுக்கள் வீட்டுப் பெண்மணிகளிடம் கையெழுத்து வாங்கி, 1739-ல் மன்னரின் அனுமதியைப் பெற்றார்.

குழந்தைக்கு இல்லம் கிடைத்தது. ஆனால் அம்மாவுக்கு? பத்து மாதம் சுமந்ததைக் கொடுத்துவிட்டு வர ஒருத்தியின் மனசை யார், எப்படித் தயார்படுத்துவது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி உலகம் ரொம்ப தூரம் சுற்றிவிட்டு வந்திருக்கிறது.

லண்டனில் அப்போது ஆறுதல் சொல்லவெல்லாம் ஆள் கிடையாது. கூட்டம் தாங்காமல் 1742-ல் சீட்டுக் குலுக்கல் மாதிரி ஒரு முறை வந்தது. ஒரு பைக்குள் தாய் கையை விடவேண்டும். வெள்ளைப் பந்து வந்தால், குழந்தை ஆரோக்கியமாக இருக்கும் பட்சத்தில் இடம் உண்டு. சிவப்பு என்றால் காத்திருக்க வேண்டும். கறுப்பு என்றால் திரும்பிப் போக வேண்டியதுதான். கொடூரம்!

ஆனால் அதே இல்லம் ஒரு நல்ல காரியமும் செய்தது. குழந்தையைக் கொடுக்கும்போது ஏதாவது ஓர் அடையாளத்தையும் விட்டுப் போகச் சொன்னது. குழந்தைக்கு உள்ளே புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். நாளைக்கு அம்மா திரும்பி வந்தால் எது அவள் பிள்ளை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான். நாணயம், மோதிரம், சாவி, ஏன்... ஒரு கொட்டையின் பாதி ஓடுகூட வந்தது! எதுவுமில்லாத ஏழைகளிடம் துணி இருந்தது. குழந்தையின் உடையிலேயே ஒரு துண்டைக் கத்தரித்து, படிவத்தில் குத்தி, மடித்து வைத்தார்கள். இப்படிச் சுமார் 5,000 துணித் துண்டுகள் இன்றும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அவற்றில் ஒன்று 1767 பிப்ரவரியில் வந்தது. பல துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு துண்டு. மேலே சிவப்பு நூலில் ஓர் இதயம். அந்த இதயத்தைச் சரிபாதியாக வெட்டியிருந்தார்கள். அதோடு வந்தவன் ஓர் ஆண் குழந்தை. அவன் கதைக்கு அப்புறம் வருவோம்.

இப்போது 200 வருடம் தாண்டி ஆஸ்திரேலியாவுக்குப் போகலாம்.

1950, 60-கள். சட்டப்படி தத்துக் கொடுக்கும் முறை நன்றாக வேரூன்றிவிட்ட காலம். டாக்டர்கள், நர்ஸ்கள், சமூக சேவகர்கள் என்று எல்லோரும் படித்தவர்கள். 'தாயின் மனசை எப்படித் தயார்படுத்துவது' என்ற கேள்விக்கு அவர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். 'க்ளீன் ப்ரேக்'! ஒரேயடியாக அறுத்துவிட வேண்டும். குழந்தை முகத்தைப் பார்த்தால்தானே பாசம் வரும்? பார்க்கவே விடாதே!

கல்யாணமாகாத கர்ப்பிணிகளை, வயிறு தெரிய ஆரம்பிக்கும் முன்பே ஊரைவிட்டு வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். பலருடைய மருத்துவக் குறிப்பில் பிரசவத்துக்கு முன்பே பி.எஃப்.ஏ. என்று மூன்று எழுத்து. 'தத்துக்கான குழந்தை' என்று அர்த்தம். பிரசவ நேரத்தில் தாய்க்கும் குழந்தைக்கும் நடுவே தலையணை, போர்வையை வைத்து மறைத்தார்கள். பால் கட்டிக்கொள்ளாமல் இருக்க மருந்து. அப்புறம் ஒரு கையெழுத்து. 'வீட்டுக்குப் போ, கல்யாணம் பண்ணிக்கோ, வேற குழந்தை பொறக்கும், இதை மறந்துடு'... இதுதான் அந்தப் பெண்களுக்குக் கிடைத்த ஆலோசனை.

எல்லோரும் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் அல்ல. யோசித்து, மனசாரக் கொடுத்தவர்களும் உண்டு. ஆனால், 'மறந்துடு' என்ற பாடம் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

மறந்தார்களா?

ராபின் விங்க்ளர், மார்கரெட் வான் கெப்பல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், குழந்தையைத் தத்துக் கொடுத்த 213 பெண்களிடம் கேட்டு, 1984-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காலம் எல்லாக் காயத்தையும் ஆற்றும் என்போமே... இங்கே நடந்தது தலைகீழ்! ஏறக்குறைய பாதிப் பேர், வருடம் போகப் போக இழப்பின் வலி கூடிக்கொண்டே போகிறது என்றார்கள். மனசு விட்டுப் பேச யாரும் கிடைக்காதவர்கள், வீட்டாரின் துணை இல்லாதவர்கள், குழந்தை எங்கே, எப்படி இருக்கிறது என்று தெரியாதவர்கள்... இவர்கள்தான் அதிகம் உடைந்து போயிருந்தார்கள்.

பார்க்காத முகத்தை மறக்க முடியாது. மறப்பதற்குக்கூட ஒரு முகம் வேண்டும்!

1973-ல் தனித்து வாழும் தாய்மாருக்கு ஆஸ்திரேலிய அரசு உதவித்தொகை தர ஆரம்பித்தது. பிள்ளையைத் தானே வளர்க்க முடியும் என்ற நிலை வந்ததும் தத்துக் கொடுப்பது வேகமாகக் குறைந்தது. 'வேண்டாம்' என்று கொடுத்தவர்களைவிட, வேறு வழியில்லாமல் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் புரிந்தது. 2012-ல் செனட் குழு ஒன்று தாய்மார்களின் வாக்குமூலங்களைத் தொகுத்து அறிக்கை கொடுத்தது. 2013, மார்ச் 21 அன்று பிரதமர் ஜூலியா கில்லார்ட், கான்பெராவின் நாடாளுமன்றக் கட்டடத்தில் அந்தத் தாய்மார்கள் முன்னால் நின்று நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

இன்று தயார்படுத்துவது என்பதன் அர்த்தமே மாறிவிட்டது. முதல் விஷயம், அவசரப்படுத்தாதே. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், குழந்தை பிறந்து 30 நாள் ஆகும்வரை தாயிடம் சம்மதக் கையெழுத்து வாங்க முடியாது. அதற்கு முன் ஆலோசகரிடம் பேசியாக வேண்டும். நம் நாட்டிலும் 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தையை ஒப்படைக்க வருகிறவர்களுக்கு ஆலோசனை தரவேண்டும். ஒப்படைத்த பிறகும் மனசு மாறினால் திரும்பக் கேட்க இரண்டு மாத அவகாசம் உண்டு.

இரண்டாவது, பார்க்க விடு. ஆசைப்பட்டால் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். 'உன்னை ஏன் கொடுத்தேன்' என்று ஒரு கடிதம் எழுதி வைக்கட்டும். அழுகை வந்தால் அழட்டும். பிரிவை இல்லையென்று மறைப்பது தயாரிப்பு அல்ல. பிரிவுக்குப் பின் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்றைக் கொடுப்பதுதான் தயாரிப்பு.

இதைத்தானே அந்தத் துணித் துண்டு செய்தது?

லண்டன் இல்லத்தில் 1741-லிருந்து 1760 வரை சேர்ந்த குழந்தைகள் 16,282 பேர். தாய் திரும்பி வந்து கூட்டிப்போனது வெறும் 152 பேரை. நிறையக் குழந்தைகள் இறந்தே போயின. ஏழைத் தாய்களுக்கு வசதி வரவேயில்லை. பாவம், ஆயிரக்கணக்கான துணிகள் கேட்பாரற்று அப்படியே கிடந்தன.

சரி, அந்தப் பாதி இதயம்?

எட்டு வருடம் கழித்து, 1775 ஜூனில், ஒரு பெண் அந்த இல்லத்தின் கதவைத் தட்டினாள். வேறொரு பெயரில் வளர்ந்திருந்த தன் மகனைக் கண்டுபிடித்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.