மசுலா படகு

மசுலா படகு என்பது சோழமண்டலக் கடற்கரையில், கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றியிறக்கப் பயன்பட்ட மரப்படகு ஆகும். இது ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்டது. இவ்வகைப் படகு தமிழில் சலங்கு எனவும் வழங்கப்பட்டது.

பின்னணி

காஞ்சிபுரம், உத்திரமேரூர், தென்னேரி முதலிய ஊர்களைக் கொண்ட தொண்டை நாட்டின் கிழக்கெல்லை, நேராக நீளும் மணற்கரையாகும். அலையைத் தடுக்கும் இயற்கைத் துறைமுகம் அங்கு இல்லை. எனவே 1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்ற பின்னரும், கப்பல்கள் கரையிலிருந்து தள்ளியே நங்கூரமிட்டன. அங்கிருந்து கரை சேர, இடையில் உடைந்து புரளும் அலைகளைக் கடக்க வேண்டியிருந்தது.

அமைப்பு

பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, இணைப்புகளில் நாரோ வைக்கோலோ வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் இறுகத் தைப்பர். அடிப்பகுதி தட்டையாகவும் பக்கங்கள் உயரமாகவும் இருக்கும். அலை மோதும்போதும் தரை தட்டும்போதும் படகு வளைந்து கொடுக்கும். ஆணியடித்த விறைப்பான படகுகள் அதே அடியில் பிளந்துவிடும். தையல் வழியே நீர் கசிந்ததால், அதை இறைத்து ஊற்றவும் ஓர் ஆள் தேவைப்பட்டார். படகு கவிழ்ந்தால் பயணிகளை மீட்கக் கட்டுமரங்கள் உடன் செல்வதும் உண்டு.

மழைக்காலம்

வடகிழக்குப் பருவமழையின்போது இத்தொழில் பெரும்பாலும் நின்றுவிடும். படகுகள் மணல்மேட்டில் இழுத்து வைக்கப்பட்டு மழையில் நனைந்து கிடக்கும். கப்பல்களும் அக்காலத்தில் இக்கரையைத் தவிர்த்தன. 1746 அக்டோபரில், சென்னையைக் கைப்பற்றியிருந்த லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பற்படை புயலில் சிக்கிப் பேரிழப்பை அடைந்தது. கப்பல் வராத மாதங்கள் படகோட்டிகளுக்கு வருவாய் குறைந்த மாதங்களாகவும் இருந்தன.

வீழ்ச்சி

1861-இல் இரும்புத் தூண்கள்மேல் கடலுக்குள் ஒரு பாலம் அமைக்கப்பட்டது. 1875-இல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881 நவம்பர் புயல் அதன் தடுப்புச் சுவர்களை உடைத்தெறிந்தது. ஆயினும் பணி தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் தலைமையில் துறைமுகம் சீரமைக்கப்பட்டு, கப்பல்கள் கரையை ஒட்டியே நிற்கத் தொடங்கின. மசுலா படகுக்குச் சரக்கு வேலை இல்லாமற் போனது. அதன்பின் அது கரைவலை மீன்பிடிப்புக்கு மட்டும் பயன்பட்டது.

எச்சங்கள்

நாரும் மரமும் விரைவில் மக்குவதால் பழைய படகுகள் நிலைக்கவில்லை. அவற்றின் தோற்றத்தை ஐரோப்பியர் வரைந்த சென்னைக் கடற்கரை ஓவியங்களே பெரிதும் காட்டுகின்றன. படகோட்டிகளின் நினைவாக நிற்பது இராயபுரம் புனித பேதுரு ஆலயம். 1829-இல் எழுந்த அவ்வாலயம் அவர்களது மகமைப் பணத்தால் கட்டப்பட்டது.