தவணையில் வந்த தையல் மிஷின்

"வீட்டுக்கு ஒரு தையல் மிஷின் வேணும். பெரிய வேலைக்கு எல்லாம் இல்ல... பாவாடை, தலையணை உறை, கிழிஞ்சத தைக்க. விலை கட்டுப்படியாகணும்."

தூத்துக்குடி கடைத்தெருவில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் ஆச்சரியம் இல்லை. கடைக்காரர் நாலு மாடல் காட்டுவார், மோட்டார் வைத்தது வேண்டுமா, மிதிப்பது போதுமா என்று கேட்பார். எல்லாம் முடிந்த பிறகு வாங்க வந்தவர் மெதுவாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மாசம் எவ்வளவு கட்டணும்?"

இந்தக் கேள்விக்கு வயது 160-க்கு மேல்! உலகத்தில் வீட்டுச் சாமான்களிலேயே முதன்முதலாகப் பெரிய அளவில் தவணையில் விற்கப்பட்டவற்றில் ஒன்று தையல் மிஷின்தான். அந்தக் கதை தெரிந்தால், "கட்டுப்படியாகும் மிஷின்" என்பதன் அர்த்தமே கொஞ்சம் மாறிவிடும்.

மிஷினைக் கண்டுபிடித்தது யார் என்ற சண்டைக்குள் ரொம்ப நேரம் போக வேண்டியதில்லை. பிரான்சில் திமோனியே என்ற தையல்காரர் 1830-ல் ஒன்றைச் செய்து காட்டினார். தங்கள் பிழைப்பு போய்விடும் என்று பயந்த மற்ற தையல்காரர்கள் அவருடைய பட்டறையையே அடித்து நொறுக்கினார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை வாங்கினார், ஐசக் மெரிட் சிங்கர் 1851-ல் வாங்கினார். ஹோவ் கோர்ட்டுக்குப் போய் சிங்கரிடம் பணம் வசூலித்தது தனிக்கதை. ஆனால் மிஷினை வீடுகளுக்குள் கொண்டுபோனது இவர்களில் யாரும் இல்லை. சிங்கரின் பங்காளியாக இருந்த எட்வர்ட் கிளார்க் என்ற வக்கீல்!

1850-களில் ஒரு மிஷின் விலை 125 டாலர் வரை இருந்தது. ஒரு சாதாரண அமெரிக்கக் குடும்பத்தின் வருட வருமானமே சுமார் 500 டாலர்தான். மூன்று மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கொட்டி யார் மிஷின் வாங்குவார்கள்? கிளார்க் 1856-ல் ஒரு வழி கண்டார். கையில் 5 டாலர் கொடு, மிஷினை எடுத்துக்கொண்டு போ, மிச்சத்தை மாதாமாதம் கட்டு. மிஷின் விலை குறையவில்லை. வட்டியையும் சேர்த்தால் கூடத்தான் செய்தது. ஆனால் விற்பனை எகிறியது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது வாடகைக் கொள்முதல் என்ற பாடம். பரீட்சையில் வட்டியைப் பிரித்து எழுதி மார்க் வாங்கிவிட்டு மறந்துபோகும் பாடம். அதில் ஒரே ஒரு வரிதான் வாழ்க்கைக்கு முக்கியமானது: கடைசித் தவணை கட்டும் வரை பொருள் விற்றவனுடையது. வாங்கியவர் வாடகைக்கு வைத்திருப்பவர் மாதிரிதான். பத்துத் தவணையில் ஒன்பது கட்டிவிட்டு பத்தாவதில் சறுக்கினால், மிஷின் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகலாம்.

இந்த முறைதான் கப்பல் ஏறி இந்தியாவுக்கும் வந்தது. 1870-களின் நடுவில் சிங்கர் கம்பெனி இந்தியாவில் விற்க ஆரம்பித்தது. பம்பாயைச் சேர்ந்த பார்சி வியாபாரி என்.எம்.பட்டேல் அதன் இந்தியப் பொறுப்பாளராக இருந்து ஊர் ஊராகக் கடைகளையும் ஏஜெண்டுகளையும் உருவாக்கினார். அதே காலத்தில் தூத்துக்குடியும் மாறிக்கொண்டிருந்தது. 1876 ஜனவரியில் மதுரையிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. ரயிலில் இறங்கி நீராவிக் கப்பல் ஏறினால் கொழும்பு. அந்தக் கொழும்பில் 1877-ல் சிங்கர் கடை திறந்தது. இங்கே வந்த மிஷின்களில் பெரும்பாலானவை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில், 1880-களில் சிங்கர் கட்டிய பிரம்மாண்டமான ஆலையில் செய்தவை. 1980-ல் மூடப்பட்ட அந்த ஆலையின் மிஷின்கள் இன்னும் நம் ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒரு சந்தேகம் வரும். சேலையும் வேட்டியும் கட்டும் ஊரில் தையல் மிஷின் எதற்கு? வெள்ளைக்காரக் கம்பெனிக்காரர்களுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. இதற்குப் பதில் தெற்கே இருக்கிறது.

தைத்த துணி இந்தப் பக்கத்தில் வெறும் துணி இல்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே, அன்றைய தென் திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1820-கள் முதல் 1859 வரை அடியும் உதையும் பட்டிருக்கிறார்கள். தோள்சீலைக் கலகம் என்று சொல்வது அதைத்தான். குப்பாயம் என்ற தைத்த சட்டை அந்தப் போராட்டத்தின் மையத்தில் இருந்தது. 1859-ல் மகாராஜா உத்திரம் திருநாள் பிரகடனம் செய்யும் வரை அது ஓயவில்லை. திருநெல்வேலி ஜில்லாவில் மிஷனரிகளின் பெண்கள் பள்ளிகளில் ஊசி வேலை ஒரு பாடமாகவே இருந்தது. இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலிசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். முத்துக்குளித்துறையின் பரதவர் ஊர்கள் 1530-களிலேயே கத்தோலிக்க மதத்துக்கு வந்தவை. முதல் நன்மைக்கு வெள்ளை கவுன் வேண்டும், திருவிழாவுக்குப் புதுச்சட்டை வேண்டும். ஜாக்கெட் போடுவது மானம் என்றும் உரிமை என்றும் ஆன பிறகு, ஜாக்கெட் தைக்கும் மிஷின் ஆடம்பரப் பொருளாக எப்படி இருக்க முடியும்?

முதலில் வாங்கியவர்கள் என்னவோ தையல்காரர்கள்தான். திண்ணையில் மிஷினைப் போட்டு உட்கார்ந்தவர்கள். வீடுகளுக்கு வந்தது பிறகு. அப்போதே "எந்த மிஷின் வாங்குவது" என்ற கேள்வியும் வந்துவிட்டது. கை மிஷினா, கால் மிஷினா? கை மிஷினுக்கு இரும்பு ஸ்டாண்டும் மேஜையும் தேவையில்லை என்பதால் விலை குறைவு. தரையில் உட்கார்ந்தே தைக்கலாம். வேலை முடிந்ததும் மூடி போட்டு ஓரமாக வைத்துவிடலாம், சின்ன வீட்டுக்கு இது பெரிய வசதி. ஆனால் வலது கை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும், துணியைப் பிடிக்க இடது கை ஒன்றுதான். கால் மிஷினில் இரண்டு கையும் சும்மா இருப்பதால் வேகம் வரும், தையலும் நேராக வரும். நாலு காசு சம்பாதிக்க நினைப்பவருக்குக் கால் மிஷின், வீட்டுத் துணிக்குக் கை மிஷின் என்ற கணக்கு அப்படித்தான் பிறந்தது. இரண்டிலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். ஊசி மேல்நூலைக் கீழே கொண்டுபோகிறது, கீழே பாபினில் இருக்கும் நூல் அதோடு கோர்த்துக்கொள்கிறது. இன்று மோட்டார் வைத்த மிஷினிலும் இதே பூட்டுத் தையல்தான்!

கடற்கரை ஊருக்கு இன்னொரு கவலை சேர்ந்துகொள்ளும். உப்புக்காற்று. நாலு மாதம் எண்ணெய் விடாமல் போட்டால் ஊசிக் கம்பியிலிருந்து பாபின் கேஸ் வரை துரு ஏறிவிடும். எண்ணெய் டப்பாவை மிஷினோடு சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

இப்போது தவணைக்குத் திரும்பலாம். மாதாமாதம் கட்டு என்று கிளார்க் சொன்னதில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: மாதாமாதம் வருமானம் வரும் என்பது. நியூயார்க்கில் அது சரி. தூத்துக்குடியில்?

1888-ல் ஹார்வி கம்பெனியின் கோரல் மில் இங்கே தொடங்கியது. கூலி குறைவு, வேலை நேரம் கொடுமை, வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரியில் வ.உ.சி. தலைமையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வையும் விடுமுறையையும் வாங்கினார்கள். ஆக, மில்லில் கொஞ்சமாவது நிச்சயமான சம்பளம் இருந்தது. தவணைக்காரர் வாசலுக்கு வந்தால் எந்தத் தேதியில் பணம் இருக்கும் என்று சொல்லலாம். கடலுக்குப் போகிறவர் வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது. பாடு இருந்தால் பங்கு, இல்லையென்றால் கடன். முத்துக்குளிப்பு இன்னும் மோசம். அது வருடா வருடம் நடப்பதே இல்லை. சிப்பி விளைந்தால்தான் அரசாங்கம் குளிப்பு அறிவிக்கும், பல வருடங்கள் சும்மா கிடக்கும். கடைசியாக அரசு நடத்திய பெரிய முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. உப்பளத்தில் ஐப்பசி மழை இறங்கினால் வேலை நின்றுவிடும். விசைப்படகுகளுக்கு இன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை.

கவனித்தால் ஒன்று புரியும். எந்த மாதங்களில் வீட்டில் பணம் இல்லையோ, அந்த மாதங்களில்தான் பெண்கள் மிஷினில் உட்கார்ந்து நாலு ஜாக்கெட் தைத்து அடுப்பு எரிய வைக்க வேண்டியிருக்கிறது. அதே மாதங்களில்தான் தவணையும் தவறும், மிஷினும் பறிபோகும்! தவணை முறையைக் கண்டுபிடித்தவர்கள் காலண்டரைப் பார்த்தார்கள், கடலைப் பார்க்கவில்லை.

நடுவே ஒரு வேடிக்கை. அந்நியத் துணியைக் கொளுத்திய சுதேசிக் காலத்தில் அந்நிய மிஷினை யாரும் கொளுத்தவில்லை. கதர்ச் சட்டையைத் தைத்ததும் சிங்கர்தான். இயந்திரங்களை எதிர்த்த காந்தியிடம் 1924-ல் டெல்லியில் ஜி.ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் இதைப் பற்றிக் கேட்டார். தையல் மிஷினுக்கு மட்டும் விதிவிலக்கு என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல் அன்பினால் சிங்கர் கண்டுபிடித்தது என்பது அவர் சொன்ன காரணம். அப்படியானால் மிஷின் செய்யப் பெரிய ஆலை வேண்டுமே என்று மாணவர் விடவில்லை. அந்த ஆலை அரசாங்கத்தின் கையில் இருக்கட்டும் என்றார் காந்தி. பாவம், நிஜமான சிங்கர் நாடக நடிகராக ஊர் சுற்றியவர், பல பெண்களோடு குடும்பம் நடத்தி இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர். மிஷினில் அவர் பார்த்தது காசைத்தான்!

அந்த ராமச்சந்திரன் பிறகு டி.வி.எஸ். ஐயங்காரின் மகள் சௌந்தரத்தை மணந்து, இருவருமாக 1947-ல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை நிறுவினார்கள். சௌந்தரத்தின் சகோதரர் டி.எஸ்.சந்தானம் 1954-ல் சுந்தரம் ஃபைனான்ஸ் தொடங்கி, இதே வாடகைக் கொள்முதல் முறையில் லாரிகளுக்குக் கடன் கொடுத்தார். மிஷினுக்கு வந்த யோசனை லாரி வரைக்கும் போயிருக்கிறது.

காந்தி கேட்ட மாதிரி அரசாங்க ஆலை வரவில்லை. ஆனால் உள்நாட்டு மிஷின் வந்தது. 1930-களின் நடுவில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் கம்பெனி உஷா மிஷினைக் கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வர, சிங்கர் இருந்த இடத்தை உஷா பிடித்தது. லூதியானாவில் சின்னச் சின்னப் பட்டறைகள் பெருகி, பெயர் தெரியாத மிஷின்களும் உதிரிப் பாகங்களும் குறைந்த விலைக்கு வர ஆரம்பித்தன. சிங்கரே தன் நடுப்பெயரான மெரிட்டோடு இந்தியச் சந்தைக்குத் திரும்பி வந்தது. மதுரா மில்ஸ் ஆகிவிட்டிருந்த ஹார்வி ஆலைகள் 1974-ல் ஸ்காட்லாந்தின் கோட்ஸ் நூல் கம்பெனியோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆயின. வ.உ.சி. எதிர்த்து நின்ற கம்பெனியின் வாரிசு தையல் நூல்கண்டாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

இங்கே உருவான கறுப்பு மிஷின்கள் பெரும்பாலும் பழைய சிங்கரின் அமைப்பையே பின்பற்றியவை. அதனால்தான் ஊசி, பாபின், பெல்ட் எல்லாம் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கின்றன. எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். சும்மா நேர்த்தையல் மட்டும் போதும் என்பவருக்கு இதைவிடச் சிக்கனமான மிஷின் கிடையாது. பழையது வாங்கினாலும் மோசமில்லை. துணி ஓரம் பிரியாமல் அடிக்க, காஜா எடுக்க என்றால் ஜிக்ஜாக் உள்ள மிஷின் வேண்டும், விலையும் ஏறும். விளம்பரத்தில் பார்த்து வாங்கும் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் மிஷின் விலை குறைவுதான். ஆனால் அது கெட்டுப்போனால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

மிஷினை விட தவணையில்தான் இன்னும் குழப்பம். வாங்குபவரைக் காப்பதற்காக 1972-ல் நாடாளுமன்றம் வாடகைக் கொள்முதல் சட்டம் போட்டது. அது ஒருநாளும் அமலுக்கு வரவில்லை; 2005-ல் ரத்தே செய்துவிட்டார்கள். முப்பத்து மூன்று வருடம் தூங்கிவிட்டு இறந்துபோன சட்டம்! இதற்கிடையில் 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மாநிலம் முழுக்கப் பரவின. குழுவில் கடன் வாங்கி மிஷின் எடுத்தால் அது முதல் நாளிலிருந்தே வாங்கியவருடையது. கடன் பாக்கி இருக்கும், ஆனால் மிஷின் கடைக்காரருடையது இல்லை. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். மழை மாதத்தில் ஒரு தவணை தவறியவரைக் கேட்டால் எவ்வளவு பெரியது என்று தெரியும். ஒரு நாள் பிந்தினாலும் குழுவில் மற்றவர்கள் முன்னால் தலைகுனிய வேண்டியிருக்கும் என்பதும் உண்மைதான்.

தமிழக அரசு சமூக நலத்துறை வழியாக சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறது. விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்ற பெண்கள் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று வேண்டும், வயது வரம்பு உண்டு, தையல் படித்ததற்குச் சான்றிதழும் கேட்பார்கள். கணவன் இருக்கிறான், ஆனால் கடலில் பாடு இல்லை என்ற வீட்டுப் பெண்ணுக்கு இது கிடைக்கும் என்று நிச்சயமில்லை. கிடைக்காவிட்டால் அவர் கடைத்தெருவுக்குத்தான் போக வேண்டும். முதல் தவணையை எந்த மாதத்தில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு.